இரண்டடி ரீஃப் டேங்குக்கு ஸ்கிம்மர் வேண்டுமா?

பவளமும் கடல்மீனும் வளர்க்கும் தொட்டிதான் ரீஃப் டேங்க். அதன் தண்ணீரிலிருந்து அழுக்கை நுரையாக அள்ளும் கருவி ஸ்கிம்மர்.

09.02.2024, மாலை. சென்னையிலிருந்து ஒருவர் கேட்டது:

"அண்ணா, டேங்க் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 54 லிட்டர். ஒரு ஜோடி நிமோ, ஒரு கோபி மீன், பவளத்தில் கொஞ்சம் ஸோயா, ஒரு லெதர், பச்சை ஸ்டார் பாலிப். பின்னால் தொங்கும் ஃபில்டரும் தண்ணீரை அலைக்கும் ஒரு சின்ன வேவ்மேக்கரும் மட்டும். ஏழு மாதமாக ஓடுகிறது. ஸ்கிம்மர் இல்லாத ரீஃப் டேங்க் ஆறு மாதத்தில் சாக்கடை ஆகிவிடும் என்கிறார் கடைக்காரர். யூட்யூபில் ஒருவர் அது காசுக்குப் பிடித்த கேடு என்கிறார். வாங்கவா, வேண்டாமா? ஒரே வரியில் சொல்லுங்கள்."

09.02.2024, இரவு

வேண்டாம்.

ஒரே வரி கேட்டீர்கள், தந்தாயிற்று. ஆனால் இந்த "வேண்டாம்" அந்த 54 லிட்டருக்கும் அந்த இரண்டு நிமோவுக்கும் மட்டும்தான். இதைப் படித்துவிட்டு, நாலடி டேங்கில் மூன்று டாங் மீன் வைத்திருப்பவர் தன் ஸ்கிம்மரைக் கழற்றி விற்றால் என்னைத் தேடி வராதீர்கள்.

கடைக்காரர் கொடுத்த ஆறு மாதக் கெடு போய் ஏழாவது மாதம் நடக்கிறது. சாக்கடை ஆயிற்றா? அதைச் சொல்லவே இல்லையே தம்பி. நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறீர்கள், என்ன தீனி, எத்தனை வேளை? இந்த விவரம் இல்லாமல் ஸ்கிம்மரைப் பற்றிப் பேசுவது வெறும் அரட்டை. அரட்டைக்கும் நான் தயார்தான், ஆனால் நாளைக்கு.

10.02.2024, காலை

ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பாதிச் சண்டை அது தெரியாமல்தான் நடக்கிறது.

பருப்பு வேகும்போது மேலே அழுக்கு நுரை திரளும், கரண்டியால் வழித்துக் கொட்டுவோமே, ஸ்கிம்மரும் அதே வேலையைத்தான் செய்கிறது. மீன் கழிவு, பவளம் விடும் சளி, மிஞ்சிய தீனி எல்லாம் தண்ணீரில் கரைந்து உடைகின்றன. அவற்றில் பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறு முனை தண்ணீரை விட்டு விலகும். அப்படிப்பட்டவை தண்ணீரும் காற்றும் சந்திக்கிற இடத்தில் போய் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு குழாய்க்குள் லட்சக்கணக்கில் பொடிக் குமிழிகளை விட்டால் அந்தச் சந்திப்பு இடம் ஏராளமாகக் கிடைக்கிறது. குமிழி அழுக்கைச் சுமந்து மேலே வந்து, கழுத்தில் நுரையாகி, கப்பில் வழிகிறது. அவ்வளவுதான் இயந்திரம்.

உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்கும். நல்ல தண்ணீரில் சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். தங்கமீன் தொட்டிக்கு யாரும் ஸ்கிம்மர் விற்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

சென்னைக்காரர்கள் இதைப் பெரிய அளவில் பார்த்திருப்பீர்கள். 2019 நவம்பர் கடைசியில் மழைக்குப் பிறகு மெரினாக் கரையில் வெள்ளை நுரை முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, பிள்ளைகள் அதில் புகுந்து விளையாடினார்களே. கழிவுநீரில் வந்த சோப்பும் மற்றதும் அலையில் அடிபட்டுக் கரையில் ஒதுங்கியது. கப் மட்டும்தான் இல்லை.

முக்கியமான விஷயம்: அமோனியா, நைட்ரேட், பாஸ்பேட் அயனிகள் நுரையில் ஒட்டாது. அவை ஆவதற்கு முந்தைய சரக்கில் ஒரு பங்கைத்தான் ஸ்கிம்மர் தூக்குகிறது. ஆகவே "நைட்ரேட் 50-இல் நிற்கிறது, ஸ்கிம்மர் வாங்கினால் இறங்குமா" என்று கேட்பவர்களுக்கு: இறங்காது. இனிமேல் ஏறும் வேகம் குறையும். இறக்க வேண்டுமானால் பக்கெட்டை எடுங்கள்.

10.02.2024, மதியம். அவர் அனுப்பிய விவரம்:

"நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.08. தண்ணீர் மாற்றுவதற்கு முன் எடுத்த அளவு. மூன்று மாதமாக ஏறக்குறைய இதேதான். வாரம் 6 லிட்டர் மாற்றுகிறேன். காலையும் இரவும் ஒரு சிட்டிகை பெல்லட். பவளம் எல்லாம் விரிந்துதான் இருக்கிறது."

10.02.2024, மதியம், சாப்பிட்டபின்

அப்புறம் என்ன கேள்வி!

10.02.2024, இரவு

மதியம் கொஞ்சம் வெடுக்கென்று பேசிவிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள். கணக்கோடு சொல்கிறேன்.

உலர்ந்த பெல்லட்டில் ஏறக்குறைய பாதி புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிராம் பெல்லட்டில் 80 மில்லிகிராம் நைட்ரஜன் என்று ஆகிறது. அத்தனையும் நைட்ரேட்டாக முடிந்தால் 350 மில்லிகிராம். உங்கள் சிட்டிகைகள் நாளுக்கு 0.1 கிராம் என்று வையுங்கள், வாரத்துக்கு 0.7 கிராம், அதாவது 245 மில்லிகிராம் நைட்ரேட். கல், மணல் போக நிஜத் தண்ணீர் 48 லிட்டர் இருக்கும். வாரத்துக்கு 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) ஏற வேண்டும்.

ஏறுகிறதா? வாரம் எட்டில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறீர்கள். அளவு 10-இலேயே நிற்கிறது என்றால் வாரம் வெளியே போவது 10-இல் எட்டில் ஒரு பங்கு, 1.25 பிபிஎம். புதிதாகச் சேர்வதும் அவ்வளவுதான் என்று அர்த்தம். மீதி 3.75 எங்கே போயிற்று? கொஞ்சம் மீன் உடம்பில். கொஞ்சம் பவளமும் அதற்குள் வாழும் பாசியும் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் நீங்கள் கண்ணாடியில் சுரண்டுவது. மிச்சத்தைக் கல்லுக்குள் ஆக்சிஜன் எட்டாத இடத்தில் இருக்கும் பாக்டீரியா நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே அனுப்புகிறது. சிட்டிகை அளவு என் ஊகம், உங்கள் விரல் பெரிதாக இருந்தால் கணக்கும் மாறும். ஆனாலும் சங்கதி இதுதான்: ஆளில்லாமல் முக்கால் வேலை நடக்கிறது, மிச்சக் கால் பங்குக்கு வாரம் ஒரு பக்கெட் போதும்.

டேங்க் பெரிதானால் பக்கெட் கணக்கு மாறிவிடும். 400 லிட்டரில் எட்டில் ஒரு பங்கு 50 லிட்டர். ஒவ்வொரு வாரமும் 50 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் பிடித்து, உப்புக் கலக்கி, சூடு பார்த்து, தூக்கி ஊற்றி… முதுகு என்று ஒன்று இருக்கிறதே. பெரிய டேங்க்காரர்கள் ஸ்கிம்மரை விரும்புவதற்கு இது முக்கியமான காரணம். சின்ன டேங்க்காரருக்கு அந்தக் கவலை கிடையாது.

12.02.2024, அதிகாலை

தூக்கம் வரவில்லை. "வேண்டாம்" என்று சொன்னதில் ஒரு பக்கம் விட்டுப்போயிற்று: மூச்சு.

ஸ்கிம்மரை எல்லோரும் குப்பை அள்ளும் வண்டியாகப் பார்க்கிறார்கள். நான் என் பெரிய டேங்கில் அதை வைத்திருப்பதற்கு முதல் காரணம் காற்று. விளக்கு அணைந்ததும் பவளம், மீன், பாசி, பாக்டீரியா எல்லாம் ஆக்சிஜனை இழுக்கும், யாரும் தயாரிக்க மாட்டார்கள். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். 30 டிகிரியில் சுமார் 6.2. சூடு ஏற ஏற இருப்பு குறைகிறது, மீனுக்குத் தேவையோ கூடுகிறது. சென்னை மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத டேங்க் என்றால் விடியற்காலை நாலு மணிதான் கண்டம். அந்த நேரத்தில் நாம் குறட்டை விட்டுக்கொண்டிருப்போம்.

கோபி குதிக்கும் என்று மேலே கண்ணாடி மூடி போட்டிருப்பீர்கள், இல்லையா? அது இன்னும் மோசம். மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். வேவ்மேக்கரைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி, மேற்பரப்பு சுருங்கிச் சுருங்கி ஓடும்படி வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் போல் மின்னுகிறதா என்று பாருங்கள். அந்தப் படலம் காற்றுப் போக்குவரத்தை மட்டுப்படுத்தும். ஸ்கிம்மர் இல்லாத டேங்கில் அது வரத்தான் செய்யும். தொங்கும் ஃபில்டருக்கு மேற்பரப்பை உறிஞ்சும் ஒரு சின்ன உறுப்பு கிடைத்தால் போதும், போய்விடும்.

12.02.2024, மாலை

பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, இரவில் ஏன் இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதுவும் மூச்சுக் கதைதான்.

நான் இருப்பது சிங்கப்பூரில், வீவக (அரசு வீடமைப்பு) அடுக்குமாடியில். படுக்கையறையில் ஏசி, ஜன்னல் சாத்தியிருக்கும், மூன்று பேர் மூச்சு விடுகிறோம். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். மூடிய அறையில் ராத்திரி ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். டேங்க் அந்தக் காற்றோடுதான் சமநிலைக்கு வரும், பிஎச் இறங்கும். விடிகாலையில் என் மீட்டர் 7.7 காட்டிக்கொண்டிருந்தது. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டேன். வேறு எதையும் தொடவில்லை. இப்போது 8-க்குக் கீழே அபூர்வமாகத்தான் போகிறது.

இப்படிக் குழாயை வெளியே விடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டெங்கு சீசனில் கொசுப்புகை அடிக்க வருவார்கள். அந்தப் புகையில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. நமக்குத் தும்மலோடு போகும், மீனுக்கும் இறாலுக்கும் எமன். ஸ்கிம்மர் அதை உறிஞ்சி, பொடிக் குமிழியாக்கி, தண்ணீரில் நன்றாகக் கலந்து கொடுக்கும். எங்கள் புளோக் லிஃப்டில் புகை அடிக்கும் தேதி ஒட்டியிருந்தால் முதல் வேலையாகக் குழாயை உள்ளே இழுத்து, ஸ்கிம்மரையும் அணைத்துவிடுவேன். சென்னையில் மாநகராட்சி வண்டி சொல்லிக்கொண்டு வராது. சத்தம் கேட்டதும் ஓடுங்கள்.

15.02.2024

"ஸ்கிம்மர் இல்லாமல் பவளம் வளர்ந்த வரலாறே கிடையாது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இருக்கிறது ஐயா, நிறைய இருக்கிறது.

இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், கடலில் இருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்க்கல்லும் ஏர் ஸ்டோனும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்து, அதைப் பற்றி 1961-இல் ஓர் அமெரிக்க மீன் பத்திரிகையில் எழுதினார். லைவ் ராக் என்று நாம் இன்று பேசுவதெல்லாம் அங்கே தொடங்கியதுதான். கல்லோடு வலுவான ஸ்கிம்மரைச் சேர்த்து ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்தது பெர்லின் முறை. கடைக்காரர்கள் சொல்லும் வேதம் எல்லாம் அதிலிருந்து வந்தது. மொனாக்கோவில் ழான் ஜோபேர் தடித்த மணல் படுக்கை போட்டு, அடியில் தண்ணீர் மட்டும் நிற்கும் இடைவெளி விட்டு, ஸ்கிம்மர் இல்லாமல் ஓட்டினார். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி, வலையில் பாசி வளர்த்து வாராவாரம் சுரண்டி எடுத்தே ஒரு பெரிய ரீஃப் தொட்டியை நடத்தினார்.

நாலு பேரும் அழுக்கை வெளியேற்ற ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் கல், ஒருவருக்கு நுரை, ஒருவருக்குப் பாசி, ஒருவருக்கு மணல். நம் தம்பிக்கு 6 லிட்டர் பக்கெட். வழியே இல்லாத டேங்க்தான் சாக்கடை ஆகும்.

16.02.2024

10-ஆம் தேதி எழுதிய கரண்டி உவமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன். அதைப் படித்தால் நுரையோடு அழுக்கு மொத்தமும் போய்விடும் என்று தோன்றும்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் தன் குழுவோடு இதை அளந்து 2009-இல் வெளியிட்டார். தண்ணீரில் கரைந்துள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஸ்கிம்மர் எடுத்தது 20 முதல் 30 சதவீதம்தான். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மிச்சம் அப்படியே நின்றது. வேறு வேறு வகை ஸ்கிம்மர்களுக்கு நடுவே பெரிய வித்தியாசமும் இல்லை. (விலைப்பட்டியலில் மட்டும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.) மறு வருடம் கப்பில் சேரும் சரக்கையே சோதித்தார்கள். திடப்பொருளில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்டும் சிலிக்காவும். நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டுகிறோமே, அந்தப் பச்சைக் குழம்பில் நிறைய இருப்பது சுண்ணாம்பும், டயட்டம் என்னும் நுண்பாசியின் சிலிக்கா ஓடுகளும்தான்.

இதை வைத்து "பார்த்தீர்களா, ஸ்கிம்மர் வீண்" என்று குதிக்கவும் வேண்டாம். அந்த 20, 30 சதவீதம் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சேர்வதிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆனால் கப் நிறைந்தால் டேங்க் சுத்தம் என்ற நம்பிக்கையை இறக்கி வைக்கலாம். தண்ணீர் மஞ்சள் பாய்ந்தால் அதற்கு ஸ்கிம்மர் மருந்தாகாது, ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை போடுங்கள். மறுநாளே பளிச்சென்று ஆகும். ஸ்கிம்மர் விலைக்கும் இந்தப் பையின் விலைக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள்.

21.02.2024

இன்னொருவர்: "தேவையோ இல்லையோ, இருந்தால் நல்லதுதானே அண்ணே? தண்ணீர் இன்னும் சுத்தமாக இருக்கும்."

இருக்கும். அதுதான் பயம்.

என் நாலடி டேங்க் தொடங்கிய காலத்தில் கல் எல்லாம் காய்ந்த கல், மீன் இரண்டே. டேங்குக்கு அதிகமான ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓ, சம்பில் (டேங்குக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) பாசி வேறு. நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். டெஸ்ட் கிட்டைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். மணல்மேல் பழுப்பாக ஒரு சளி வந்தது, நூல் நூலாக, நுனியில் குமிழியோடு. பகலில் பரவும், இரவில் காணாமல் போகும். நத்தைகள் மல்லாந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ், டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட்) என்னும் நுண்ணுயிர் வகை. மற்ற பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில் ஒதுங்க, பட்டினி தாங்கும் இவன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறான்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். காசு கொடுத்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வாங்கிச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓட்டினேன், அதுவும் கப்பைச் சரியாக மூட்டாமல், நுரை திரும்பத் தண்ணீரிலேயே விழும்படி. காற்று வேண்டும், அள்ளுவது வேண்டாம். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதப்பதால் மிதப்பவற்றைக் கொல்லும் யுவி (புற ஊதா) விளக்கும் உதவியது. மணலிலேயே குடியிருக்கும் ஆம்ஃபிடினியம் வகையாக இருந்திருந்தால் யுவி பயன்பட்டிருக்காது.

தம்பியின் ஸோயா, லெதர், ஸ்டார் பாலிப் மூன்றும் கொஞ்சம் அழுக்குத் தண்ணீரைத்தான் விரும்பும். 10-உம் 0.08-உம் அவற்றுக்கு விருந்து. இதில் ஸ்கிம்மரைப் போட்டு எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்?

22.02.2024

சென்னைத் தம்பி: "அப்படியானால் அடுத்து ஹேமர் பவளம் வைக்கலாமா? கடையில் ஒன்று பார்த்தேன்."

ஸ்கிம்மரை விட்டுவிட்டு வேறு பேச வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 2001 முதல் கடினப் பவளங்கள் மொத்தமும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. ஹேமர், டார்ச், அக்ரோபோரா, மாண்டிபோரா எல்லாம் அதில் அடங்கும். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் சட்டப்படியானது என்று ஆகாது. கடற்கரையில் கிடந்த செத்த பவளக்கல்லும் பவளம்தான், எடுத்து வராதீர்கள். சிங்கப்பூரில் உரிய அனுமதிச் சீட்டோடு இறக்குமதியாகும் பவளம் கடையில் கிடைக்கிறது. அதனால்தான் நான் தைரியமாக அக்ரோபோரா பற்றிப் பேசுகிறேன். உங்கள் நிலை வேறு.

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி, 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு சட்டம் கடுமையாக இருப்பதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஸ்டார் பாலிப் இருக்கிறது அல்லவா, ஒரு கல்லில் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளில் "இதை எப்படி ஒழிப்பது" என்று தனிக் கேள்வி போடுவீர்கள்.

03.03.2024

மின்வெட்டு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது சம்ப் வைத்திருப்பவர்களுக்கு.

மின்சாரம் போனதும் மேல் டேங்க் தண்ணீர் குழாய் வழியே சம்புக்கு இறங்கும், சம்ப் மட்டம் ஏறும். மின்சாரம் வந்ததும் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில் கிளம்பும். நுரைக்குப் பதில் தண்ணீரே கழுத்தில் ஏறி, கப் நிறைந்து, அலமாரி, தரை, மரக்கதவு. ஸ்கிம்மரை மட்டும் பத்து நிமிடம் தாமதித்து இயக்கும் டைமர் பிளக் போட்டால் தீர்ந்தது. கப்பின் அடியில் வடிகால் குழாய் இருந்தால் மூடியுள்ள ஒரு கேனில் விடுங்கள். மூடி முக்கியம். ஏன் என்று ஒருநாள் மூக்கு சொல்லும்.

யுபிஎஸ்ஸில் எதை வைப்பது? வேவ்மேக்கரை, அல்லது பேட்டரி ஏர் பம்பை. ஸ்கிம்மரை வேண்டாம். மின்சாரம் இல்லாத மூன்று மணி நேரத்தில் மேற்பரப்பு ஆடினால் போதும், அழுக்கு அள்ளுவது நாளைக்கு ஆகட்டும்.

சென்னையில் தினம் இரண்டு தடவை மின்சாரம் விளையாடும் வீட்டில், பின்னால் தொங்கும் வகை ஸ்கிம்மரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பொங்கினால் சுவரோரமாக நேரே தரைக்குத்தான்.

05.03.2024

திடீரென்று பொங்குவதற்கு மின்வெட்டு மட்டும் காரணம் இல்லை. எபாக்சி களிமண்ணால் பவளத்தை ஒட்டிய அன்று பொங்கும். குளோரின் நீக்கும் மருந்தை ஊற்றினால் பொங்கும், பவளத்தை மருந்தில் முக்கி எடுத்தாலும் பொங்கும். எண்ணெய்க் கையை விட்டால் இதற்கு நேர்மாறு, நுரை அப்படியே படுத்துவிடும், சில மணி நேரம் எழுந்திருக்காது. தீனியில் மீன் எண்ணெய் அதிகம் இருந்தாலும் அப்படித்தான். புது ஸ்கிம்மர் முதல் சில நாள் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளும், அச்சில் வார்த்த எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை. அந்தச் சமயத்தில் திருகைத் தினம் தினம் திருப்பிக்கொண்டிருப்பது வேலையில்லாத வேலை. சம்ப் மட்டத்தை நிலையாக வைத்துவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருங்கள்.

நுரை தண்ணியாக, டீ நிறத்தில் வழியும்படி வைப்பதா, கெட்டியாகக் கறுப்பாக வைப்பதா என்றொரு நித்தியச் சண்டை. தண்ணியாக வைத்தால் உப்புத் தண்ணீர் போகிறது, அதற்குப் பதில் நாம் ஊற்றுவது ஆர்ஓ. 200 லிட்டர் டேங்கில் நாளுக்கு அரை லிட்டர் வழிந்தால் வாரத்தில் 3.5 லிட்டர். உப்பு ஆயிரத்துக்கு 35-இலிருந்து 34.4-க்கு வந்துவிடும். கவனிக்காமல் இரண்டு மாதம் விட்டால் பவளம் சுருங்கும், நீங்கள் விளக்கைக் குறை சொல்வீர்கள். நான் கெட்டிப் பக்கம். கழுத்தைத் துடைக்க வேண்டிய வேலை கூடும், இருக்கட்டும். கழுத்தில் பிசுக்கு ஏறினால் நுரை மேலே வருவதே குறைந்துவிடும், ஆகவே வாரம் இரண்டு தடவை துடைப்பு. வீட்டில் இதற்குக் கழிவறை மட்டுமே அனுமதி. சமையலறைத் தொட்டிப் பக்கம் கப்போடு போனால் குடும்பமே எழுந்து நிற்கும்.

11.03.2024

எப்போதுதான் வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

வோட்கா, வினிகர், சர்க்கரை என்று பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கார்பன் ஊற்றுகிறவர்கள் ஸ்கிம்மர் இல்லாமல் ஊற்றவே கூடாது. பாக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தின்னும் சரி, அந்தப் பாக்டீரியாவை வெளியே எடுப்பது யார்? அதோடு அவை ஆக்சிஜனையும் குடிக்கும். அளவு கூடிப்போனால் காலையில் தண்ணீர் பால் போல, மீன் எல்லாம் மேலே வாயைப் பிளந்துகொண்டு. இங்கே ஸ்கிம்மர் கட்டாயம்.

டாங், ட்ரிகர் போல நிறைய தின்று நிறையக் கழிக்கும் மீன்கள் இருந்தாலும் வேண்டும். மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லாமல், தானியங்கி தீனிப்பெட்டியை நம்பி இருப்பவருக்கும் வேண்டும். மீன் செத்துக் கல்லுக்குள் கிடந்தால், நீங்கள் திரும்பி வரும்வரை ஸ்கிம்மர்தான் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஏசி அறையில் பிஎச் ஏறவே மாட்டேன் என்கிறதா, அப்போதும் வாங்கலாம், குழாய் ஜன்னல்வரை எட்டினால்.

தண்ணீர் மாற்றச் சோம்பேறித்தனமா? அதற்காக வாங்க வேண்டாம். கப்பைக் கழுவ அதைவிடச் சோம்பேறித்தனம் வரும்.

சின்ன டேங்குக்கென்று வரும் சின்ன ஸ்கிம்மர்கள் பற்றி என் எண்ணம் இன்னும் முழுக்க முடிவாகவில்லை. குழாய் உயரம் குறைவு, குமிழி தண்ணீரில் தங்கும் நேரம் குறைவு, நுரை ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. என் மேஜை டேங்கில் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், மரக்கட்டை ஏர் ஸ்டோன் வகை. நுரை சுமார். ஆனால் ராத்திரிக் காற்றுக்கு அருமை. பிறகு யோசித்தால், அதே ஏர் பம்பில் வெறும் ஏர் ஸ்டோனைப் போட்டாலே அந்த வேலை நடந்திருக்கும், உப்புத் தெறிப்பை மட்டும் பொறுத்துக்கொண்டால். இப்போது அது பெட்டியில் இருக்கிறது. விற்கவும் மனசில்லை.

14.03.2024. சென்னைத் தம்பி:

"மூடியை எடுத்து வலை போட்டேன் அண்ணா. வேவ்மேக்கரை மேலே திருப்பியாச்சு. கார்பன் பை போட்டேன். நைட்ரேட் 8. ஸ்கிம்மர் வாங்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் மூன்றரை அடி டேங்க், சம்போடு போடுவதாக இருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பழைய ஸ்கிம்மர் ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறார். இப்போதே வாங்கி வைக்கவா?"

14.03.2024, இரவு

வாங்கலாம், கையில் எடுத்துப் பார்த்துவிட்டு. ஓடும் நிலையில் காட்டச் சொல்லுங்கள், பக்கெட் தண்ணீரில் போட்டாவது. குமிழி பெரிது பெரிதாக வந்தால் பயப்பட வேண்டாம், நல்ல தண்ணீர் என்றால் அப்படித்தான் வரும். சத்தத்தைக் கேளுங்கள். கரகரவென்றால் பம்பின் உள்விசிறியான இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அதற்கு உதிரி கிடைக்குமா என்று மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள், உதிரி இல்லாத பம்ப் வெறும் பிளாஸ்டிக். இம்பெல்லர் காந்தத்தின் மேல்பூச்சு வெடித்துத் துரு தெரிந்தால் வேண்டாம், தண்ணீரில் கலக்கும். அக்ரிலிக் ஒட்டுகளில் வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். கப் மூட்டும் இடத்தில் கட்டாயம் பாருங்கள், அங்கேதான் முதலில் விரியும். உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தால் குறையில்லை, வினிகரும் தண்ணீரும் கலந்து ஒரு ராத்திரி ஓட்டினால் கரைந்துவிடும்.

பெட்டியில் "500 லிட்டர் வரை" என்று போட்டிருந்தால் பாதியாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் உடம்பு எவ்வளவு ஆழத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குத் தகுந்தாற்போல் சம்ப் அறையை வெட்டச் சொல்லுங்கள். சம்ப் செய்தபின் ஸ்கிம்மர் வாங்கி, அடியில் ஓடு வைத்து உயர்த்துகிறவர்கள்தான் ஊரில் அதிகம். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மட்டும் புதிது போடுங்கள்.